பாஸ்டனில் அடிமை ஒழிப்பு வரலாற்று நடை: அரை நாளில் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

மதுரையிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், பாஸ்டனில் ஒரே ஒரு நாள்தான், அதில் காலை நேரத்தை அடிமை ஒழிப்பு வரலாற்று நடைக்கு ஒதுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "பாஸ்டன் வடக்கே இருக்கிற ஊர், அங்கே அடிமைகளே கிடையாதே, பார்க்க என்ன இருக்கு?" என்று உங்கள் அண்ணன் கேட்டதாகவும் சொல்கிறீர்கள்.

தாராளமாக ஒதுக்குங்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிப்போவது இந்த நடைக்குத்தான். ஆறேழு முறை போயிருக்கிறேன், பாதி முறை வழிகாட்டியோடு, மீதி நாங்களாகவே. உங்கள் அண்ணனின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு விடை தெரியாமல் போனால் வெறும் பழைய செங்கல் வீடுகளைப் பார்த்துவிட்டு வந்ததாக ஆகிவிடும்.

பாஸ்டனில் அடிமைகள் இருந்தார்கள். 1638-லேயே 'டிசையர்' என்ற கப்பலில் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1641-இல் மாசசூசெட்ஸ் குடியேற்றம் தன் சட்டத்திலேயே அடிமை முறைக்கு இடம் கொடுத்தது. வட அமெரிக்காவின் ஆங்கிலக் குடியேற்றங்களில் அதைச் சட்டமாக எழுதிவைத்த முதல் இடம் இதுதான், வர்ஜீனியா அல்ல. பிறகு, 1780-இல் மாநிலத்துக்கு அரசியலமைப்பு எழுதியபோது "எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள்" என்று ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரியை நம்பி அடிமையாக இருந்தவர்களே நீதிமன்றம் போனார்கள். 1781-இல் எலிசபெத் ஃப்ரீமன் என்ற பெண் வழக்குப் போட்டு வென்றார். குவாக் வாக்கர் என்பவரின் வழக்குகள் 1783 வரை இழுத்து, அடிமை முறை இந்த மாநிலத்தில் செல்லாது என்ற இடத்தில் வந்து நின்றன. 1790 மக்கள்தொகைக் கணக்கில் மாசசூசெட்ஸில் அடிமைகள் எண்ணிக்கை பூஜ்யம்.

ஆனால் பூஜ்யம் என்று எழுதியபிறகும் ஊரின் பணம் அடிமை முறையோடு ஒட்டியே இருந்தது. பாஸ்டன் முதலாளிகளின் நூற்பாலைகளுக்குத் தெற்கிலிருந்துதான் பருத்தி வர வேண்டும், அதைப் பறித்தது அடிமைகளின் கை. இங்கிருந்து செனட்டரான சார்லஸ் சம்னர் இந்தக் கூட்டணியை "சாட்டைப் பிரபுக்களும் தறிப் பிரபுக்களும்" என்று சொன்னார். அதனால்தான் அடிமை ஒழிப்பு பேசியவர்களை இந்த ஊரின் பெரிய மனிதர்கள் வெறுத்தார்கள். அப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இப்போது வழி. தேசியப் பூங்காத் துறையினர் நடத்தும் 'பிளாக் ஹெரிடேஜ் டிரெயில்' என்ற நடை பீகன் ஹில் குன்றின் மேல் இருக்கிறது. சுமார் இரண்டரை கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், கட்டணம் கிடையாது. 1960-களில் சூ பெய்லி தர்மன் என்ற கறுப்பினப் பெண்மணி இந்த இடங்களை அடையாளம் கண்டு வரைபடம் போட்டதிலிருந்து வளர்ந்தது இது. வழிகாட்டியோடு போகும் நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கீழே, நகரின் கடைவீதிப் பக்கம் தொடங்கச் சொல்வேன். எதிரி யார் என்று கீழே பார்த்துவிட்டு மேலே ஏறினால் கதை பிடிபடும்.

முதலில் ஃபேனுல் ஹால். வணிகர் பீட்டர் ஃபேனுல் 1742-இல் ஊருக்குக் கட்டிக்கொடுத்த சந்தையும் மாடி அரங்கும். "சுதந்திரத்தின் தொட்டில்" என்று எல்லாச் சுற்றுலா வழிகாட்டிகளும் சொல்லும் இடம். ஃபேனுல் அடிமை வணிகத்தில் பணம் போட்டவர், சொந்தமாக அடிமைகள் வைத்திருந்தவர். பெயரை மாற்ற வேண்டும் என்று இந்த ஊரில் பல வருடமாகக் குரல் எழுகிறது. மாற்ற வேண்டும் என்பதுதான் என் கருத்தும். அதே மாடி அரங்கில்தான் பின்னாளில், அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்து பேர்பெற்ற பேச்சாளரான ஃபிரெடரிக் டக்ளஸும் பாஸ்டன் வழக்கறிஞர் வென்டல் ஃபிலிப்ஸும் அடிமை முறைக்கு எதிராகப் பேசினார்கள். மேலே ஏறிப் பாருங்கள், பத்து நிமிடம் போதும். அங்கே நடந்த ஒரு சின்னச் சம்பவத்தை இப்போது சொல்லாமல் வைத்துக்கொள்கிறேன். கடைசி நிறுத்தத்தில் அது தேவைப்படும்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் ஓல்ட் ஸ்டேட் ஹவுஸ். 1770 மார்ச் 5 அன்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் விழுந்த கிரிஸ்பஸ் அட்டக்ஸ், ஆப்பிரிக்கரும் அமெரிக்கப் பழங்குடியும் கலந்த வழியில் வந்தவர், அடிமைத்தனத்திலிருந்து தப்பியவர் என்று நம்பப்படுபவர். அந்த இடத்தைத் தரையில் கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். எல்லோரும் அதைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் அங்கேயே நில்லுங்கள். இன்னும் இரண்டு கதைகள் அதே இடத்தில் நடந்தவை.

1835 அக்டோபர் 21. அடிமை ஒழிப்புப் பெண்கள் சங்கத்தின் கூட்டம் பக்கத்துத் தெருவில். இங்கிலாந்திலிருந்து வந்த ஜார்ஜ் தாம்சன் பேசப்போகிறார் என்று வதந்தி பரவி, நல்ல கோட்டு போட்ட வணிகர்களும் குமாஸ்தாக்களுமாக ஆயிரக்கணக்கில் திரண்டுவிட்டார்கள். தாம்சன் வரவில்லை. கறுப்பினப் பெண்களும் வெள்ளைப் பெண்களும் கைகோத்தபடி அந்தக் கும்பலின் நடுவே நடந்து வெளியேறினார்கள். கும்பலின் கையில் சிக்கியது 'லிபரேட்டர்' என்ற அடிமை ஒழிப்புப் பத்திரிகையின் ஆசிரியர் வில்லியம் லாய்ட் கேரிசன். உடம்பில் கயிற்றைக் கட்டித் தெருவில் இழுத்துவந்தார்கள். அப்போது நகரமன்றமாக இருந்த இதே ஓல்ட் ஸ்டேட் ஹவுஸுக்குள் கொண்டுபோய், அப்புறம் சிறையில் அடைத்துத்தான் அவரைக் காப்பாற்ற முடிந்தது.

அந்த ஜார்ஜ் தாம்சன் நமக்கும் கொஞ்சம் வேண்டியவர். அமெரிக்காவிலிருந்து திரும்பியபின் லண்டனில் இந்திய விவசாயிகளுக்காகப் பேசினார். இந்தியாவில் கூலி கொடுத்து விளைவிக்கும் பருத்தி கிடைத்தால் அமெரிக்க அடிமைப் பருத்திக்கு மவுசு போய்விடும் என்பது அவர் வாதம். 1840-களின் தொடக்கத்தில் துவாரகநாத் தாகூரோடு கல்கத்தாவுக்கும் வந்தார். 1843-இல் கம்பெனி அரசு அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பை நீக்கியது. நம் பக்கத்தில் ஆளோலை எழுதி மனிதரை விற்ற வழக்கத்துக்கும் அதோடு சட்டத்தின் துணை போயிற்று. வரலாற்று ஆசிரியரான உங்கள் அப்பாவுக்கு அந்தச் சட்டம் தெரிந்திருக்கும், தாம்சன் தெரிந்திருப்பாரா என்று கேட்டுப்பாருங்கள்.

இரண்டாவது கதைக்கு, கட்டடத்துக்கு முதுகைக் காட்டி, துறைமுகம் நோக்கி இறங்கும் ஸ்டேட் ஸ்ட்ரீட்டைப் பாருங்கள். 1850-இல் தப்பியோடிய அடிமைகள் சட்டம் வந்தது. தெற்கிலிருந்து தப்பி வந்தவரை நாட்டின் எந்த மூலையிலும் பிடித்துத் திருப்பி அனுப்பலாம். பிடிபட்டவர் தன் பக்கம் சாட்சி சொல்ல முடியாது. விசாரிக்கும் ஆணையர், ஆளைத் திருப்பி அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர் கட்டணம் பெறுவார். முதல் முறை இதைப் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. சட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

வர்ஜீனியாவிலிருந்து தப்பி வந்து பழைய துணிக்கடையில் வேலை பார்த்த ஆந்தனி பர்ன்ஸ் என்ற இளைஞரை 1854 மே 24 அன்று, திருட்டுப் பழி சொல்லிப் பிடித்தார்கள். இரண்டு நாள் கழித்து, கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து பெரிய மரத்தூணால் நீதிமன்றக் கதவை இடித்தார்கள். காவலில் இருந்த ஒருவர் இறந்தார், பர்ன்ஸை மீட்க முடியவில்லை. ஜூன் 2 அன்று, பட்டாளமும் பீரங்கியும் சூழ அவரை இந்தத் தெரு வழியாகத்தான் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். வேடிக்கை பார்க்கவும் சாபம் விடவும் சுமார் 50,000 பேர். ஜன்னல்களில் கறுப்புத் துணி. தெருவுக்குக் குறுக்கே ஒரு சவப்பெட்டியைத் தொங்கவிட்டு அதில் 'சுதந்திரம்' என்று எழுதியிருந்தார்கள். ஒரு மனிதரைத் திருப்பி அனுப்ப அரசு செலவழித்தது பல்லாயிரம் டாலர். சில மாதத்தில், கறுப்பினப் பாதிரியார் லெனர்ட் கிரைம்ஸ் பணம் திரட்டி, 1,300 டாலர் கொடுத்து அவரை விலைக்கு வாங்கி விடுவித்தார். பர்ன்ஸ் படித்துப் பாதிரியாராகி, கனடாவில் 1862-இல் இறந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு பாஸ்டனில் இன்னொருவரை அப்படித் திருப்பி அனுப்ப முடியவில்லை. முந்தின இரவு வரை சமரசம் பேசிய பணக்காரர்கள்கூட மறுநாள் காலை அடிமை ஒழிப்பாளர்களாக விழித்தார்கள் என்று ஆலை முதலாளி ஒருவரே எழுதிவைத்திருக்கிறார்.

சரி, இனி மேலே ஏறலாம். பார்க் ஸ்ட்ரீட் வழியாக மாநில சட்டமன்றத்தின் தங்கக் கூரை மண்டபம் வரை ஏற்றம். அதற்கு நேர் எதிரே ராபர்ட் கூல்ட் ஷா நினைவுச்சின்னம், வழிகாட்டி நடை பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். அடிமை முறையை ஒட்டி அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரில், வடக்கில் திரட்டப்பட்ட முதல் கறுப்பினப் படைகளில் ஒன்றான 54-ஆம் மாசசூசெட்ஸ் படை, 1863 மே 28 அன்று இந்தத் தெரு வழியாகப் போருக்குக் கிளம்பியது. ஃபிரெடரிக் டக்ளஸின் மகன்களில் இரண்டு பேர் அதில் இருந்தார்கள். ஜூலை 18 அன்று தென் கரோலினாவின் ஃபோர்ட் வாக்னர் கோட்டையைத் தாக்கியபோது, படைத் தலைவர் ஷா உட்பட ஏராளமானோர் இறந்தார்கள். எதிரிகள் ஷாவை அவருடைய கறுப்பின வீரர்களோடு ஒரே குழியில் போட்டுப் புதைத்தார்கள். அவமானப்படுத்துவதாக நினைத்துச் செய்தது. அவர் அப்பாவோ, மகனை அங்கிருந்து எடுக்கவே வேண்டாம், அவன் வீரர்களோடு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

சிற்பி அகஸ்டஸ் செயின்ட் கோடன்ஸ் இதைச் செய்து முடிக்க 14 வருடம் ஆயிற்று. 1897-இல் திறந்தார்கள். ஷா மட்டும் குதிரை மேல் இருக்கும் சிலையைக் குடும்பத்தார் விரும்பாததால்தான் வீரர்களும் இதில் வந்தார்கள். ஒவ்வொரு வீரரின் முகத்தையும் தனித்தனியே பாருங்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. பாஸ்டனில் நான் அதிக நேரம் நின்று பார்த்த சிற்பம் இதுதான். ஆனாலும் ஷாவின் பெயர் முதலிலேயே பொறிக்கப்பட்டது, கோட்டையில் இறந்த கறுப்பின வீரர்களின் பெயர்கள் பின்பக்கத்தில் ஏறியது 1980-களில்தான். மறக்காமல் பின்பக்கம் போய்ப் பாருங்கள். இன்னொன்றும் அப்பாவிடம் சொல்லுங்கள்: வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர், இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்தம். ஒன்றரை வருடம் போல இவர்கள் சம்பளத்தையே தொடவில்லை. மாநில அரசு வித்தியாசத்தைத் தருகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றார்கள். கேட்டது சமம் என்ற அங்கீகாரத்தை. 1864-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இறங்கிவந்தது.

அடுத்து பிங்க்னி ஸ்ட்ரீட்டில் ஜார்ஜ் மிடில்டனின் மரவீடு, 1780-களின் கடைசியில் கட்டியது. வண்டியோட்டியான அவரும் ஒரு சிகையலங்காரக்காரரும் சேர்ந்து கட்டிய சின்ன வீடு. குன்றில் கறுப்பின மக்கள் கட்டிய வீடுகளில் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. வெளியே நின்று பார்த்துவிட்டு நகரலாம். கீழே சார்ல்ஸ் ஸ்ட்ரீட் மீட்டிங் ஹவுஸில், 1830-களில் டிமதி கில்பர்ட் என்ற வெள்ளையர் தன் கறுப்பின நண்பர்களைத் தன் இருக்கையில் கூட உட்காரவைத்ததற்காகச் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். இது நடந்தது தெற்கில் அல்ல, பாஸ்டனில்.

அப்புறம் ஃபிலிப்ஸ் ஸ்ட்ரீட், 66-ஆம் எண் வீடு. இங்கே நிதானமாக நிற்க வேண்டும். லூயிஸ் ஹேடன் கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். சின்ன வயதில் அவரை ஒரு ஜோடி வண்டிக் குதிரைகளுக்கு மாற்றிக் கொடுத்தார் எஜமானர், அந்த எஜமானர் ஒரு பாதிரியார். முதல் மனைவியையும் மகனையும் தெற்கே விற்றுவிட்டார்கள், அதன்பின் அவர்களை அவர் பார்க்கவே இல்லை. 1844-இல் இரண்டாவது மனைவி ஹேரியட்டோடும் பையனோடும் தப்பினார். தப்ப உதவிய கால்வின் ஃபேர்பேங்க் சிறைக்குப் போக, பின்னாளில் 650 டாலர் திரட்டிக் கட்டி அவரை வெளியே கொண்டுவந்தவரும் ஹேடன்தான்.

பாஸ்டனில் துணிக்கடை வைத்தார். ஹேரியட் இந்த வீட்டில் தங்கும் விடுதி நடத்தினார். தப்பி வந்தவர்களுக்குச் சாப்பாடு, உடுப்பு, படுக்க இடம் எல்லாம் இங்கேதான். ஜார்ஜியாவிலிருந்து வந்த வில்லியம் கிராஃப்ட், எலன் கிராஃப்ட் தம்பதியும் இங்கே ஒளிந்தார்கள். எலன் வெளுத்த நிறம். உடம்புக்கு முடியாத வெள்ளைப் பண்ணையார்போல ஆண் வேடமிட்டு, கணவரை வேலையாளாகக் கூட்டிக்கொண்டு ரயிலிலும் கப்பலிலுமாக வந்தவர். எழுதத் தெரியாததால், எங்கும் கையெழுத்துக் கேட்காதபடி வலது கையைத் துணித் தொட்டிலில் கட்டிக்கொண்டார். 1850-இல் பிடிக்க ஆட்கள் வந்தபோது, ஹேடன் வீட்டில் வெடிமருந்துப் பீப்பாய்கள் வைத்திருப்பதாகவும், நுழைந்தால் வீட்டையே தகர்த்துவிடுவதாகவும் சொன்னார். ஊர்க்காரர்கள் வந்தவர்கள் மேலேயே அவதூறு வழக்குகள் போட்டுத் திரும்பத் திரும்பக் கைது செய்யவைத்து, தெருவில் நடமாட முடியாமல் விரட்டினார்கள். கிராஃப்ட் தம்பதி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த வருடம் பிப்ரவரியில் ஷாட்ராக் மிங்கின்ஸ் என்ற பரிசாரகரைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தியபோது, கறுப்பின மக்கள் கூட்டமாக உள்ளே புகுந்து ஆளையே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஹேடன் அவரை ஒரு பரண்மேல் ஒளித்துவைத்து, பின் கனடாவுக்கு அனுப்பினார். ஹேடன் மீது போட்ட வழக்கில் நடுவர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஹேரியட் 1893-இல் இறந்தபோது எழுதிய உயிலால் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் கறுப்பின மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டாயிற்று. இந்த வீட்டில் இப்போதும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், வாசலில் பலகை மட்டும்தான். படியில் ஏறாதீர்கள், குரலைக் கொஞ்சம் தாழ்த்திப் பேசுங்கள்.

1850 வாக்கில் பாஸ்டனில் கறுப்பின மக்கள் வெறும் 2,000 பேர் போலத்தான், நகரின் மக்கள்தொகையோ 1,36,000-க்கு மேல். முடிதிருத்துவோர், பழந்துணி விற்போர், கப்பல் வேலையாட்கள், துணி வெளுப்போர். இந்தச் சிறு கூட்டம்தான் முதுகெலும்பு. கேரிசனின் பத்திரிகை 1831-இல் தொடங்கியபோது சந்தாதாரர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவருக்கு முன்பே, 1829-இல், பழந்துணிக்கடைக்காரர் டேவிட் வாக்கர் அடிமைகளை எதிர்த்து நிற்கச் சொல்லும் ஒரு சிறு நூலைத் தானே அச்சிட்டு, கப்பல்காரர்கள் மூலம் தெற்கே அனுப்பினார். சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோனார்கள். தெற்கு மாநிலங்கள் அதைத் தடைசெய்தன. வழிகாட்டி கேரிசனைப் பற்றியே அதிகம் பேசினால், வாக்கரைப் பற்றிக் கேளுங்கள். கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்.

கடைசி நிறுத்தம் ஜாய் ஸ்ட்ரீட்டில் ஒரு சந்து, ஸ்மித் கோர்ட். முனையில் அபியேல் ஸ்மித் பள்ளி, 1835-இல் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று கட்டியது. ஃபேனுல் ஹால் சம்பவத்தை இங்கே நின்றுதான் சொல்ல வேண்டும். 1829-இல் வில்லியம் கூப்பர் நெல் என்ற பையன் நன்றாகப் படித்து நகரின் பதக்கத்துக்குத் தகுதி பெற்றான். வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பதக்கமும் ஃபேனுல் ஹாலில் விருந்தும். இவனுக்குக் கிடைத்தது ஒரு புத்தகம். பையன் ஒரு பரிசாரகரைக் கெஞ்சி, அதே விருந்தில் பரிமாறுகிறவனாக உள்ளே போனான். அவன் வளர்ந்து, பள்ளிகளைப் பிரிக்கக் கூடாது என்று பெற்றோரைத் திரட்டிப் புறக்கணிப்பு நடத்தினார். ஐந்து வெள்ளைப் பள்ளிகளைத் தாண்டி இந்தப் பள்ளிக்கு நடக்க வேண்டியிருந்த சாரா ராபர்ட்ஸ் என்ற சிறுமிக்காக அவள் அப்பா வழக்குப் போட்டார். சம்னரும் கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மாரிஸும் வாதாடினார்கள், தோற்றார்கள். பிரித்து வைத்தாலும் சமம்தான் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 1896-இல் சொன்னபோது இந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் காட்டியது. ஆனால் இங்கே மாசசூசெட்ஸில் அவர்கள் விடவில்லை. 1855-இல் சட்டமன்றமே பிரிவினையைத் தடை செய்தது. பள்ளி இப்போது அருங்காட்சியகம், நுழைவுக்கட்டணம் உண்டு. திறந்திருக்கும் நாளை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் மனசு கேட்காது.

அம்மாவுக்கு முட்டி வலி என்றால் ஒரு யோசனை. குன்று செங்குத்து, நடைபாதை மேடுபள்ளமான செங்கல், மழையில் வழுக்கும். ஷா நினைவுச்சின்னம் வரை ரயிலில் பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கி வந்துவிட்டு, இடையில் உள்ள வீடுகளை விட்டுவிட்டு, ஜாய் ஸ்ட்ரீட் வழியாக நேராக இந்தச் சந்துக்கு இறங்கலாம். கார் வேண்டவே வேண்டாம், நிறுத்த இடம் கிடைக்காது.

பள்ளிக்குப் பக்கத்தில் ஆப்பிரிக்கன் மீட்டிங் ஹவுஸ். 1806 டிசம்பரில் திறந்தது. நாட்டில் இன்று நிற்கும் கறுப்பினத் தேவாலயக் கட்டடங்களில் மிகப் பழையது. திறப்பு நாளன்று கீழ்த்தளத்து இருக்கைகளை நல்லெண்ணம் கொண்ட வெள்ளையர்களுக்கு ஒதுக்கிவிட்டு, கட்டியவர்கள் மாடியில் உட்கார்ந்தார்கள். 1832 ஜனவரி 6 அன்று, பனி கொட்டிய இரவில், கேரிசனின் அடிமை ஒழிப்புச் சங்கம் இதன் கீழறையில் தொடங்கியது. அன்று கையெழுத்திட்ட 12 பேரும் வெள்ளையர், ஆனால் இடம் கொடுத்தது இந்தச் சபை. மறுவருடம் அடிமை ஒழிப்புப் பேச்சாளர் மரியா ஸ்டூவர்ட் இங்கே விடைபெறும் உரை ஆற்றினார். பெண்கள் மேடையில் அரசியல் பேசுவதே கேள்விப்படாத காலம், அவரோ கறுப்பினப் பெண். 1863-இல் 54-ஆம் படைக்கு ஆள் சேர்த்ததும் இங்கேதான். பிற்பாடு கறுப்பின மக்கள் நகரின் வேறு பகுதிகளுக்குப் போனபின் இது யூதர்களின் ஜெபாலயமாக இருந்தது, 1972-இல் அருங்காட்சியகம் வாங்கி, 1855-இல் இருந்த தோற்றத்துக்கு மீட்டிருக்கிறார்கள். உள்ளே விட்டால் இருக்கையில் பத்து நிமிடம் உட்காருங்கள். அம்மாவுக்கும் கால் ஆறும்.

நுழையும் முன் அப்பாவை வாசலுக்கு மேலே பார்க்கச் சொல்லுங்கள். ஆப்பிரிக்காவில் பிறந்த கேட்டோ கார்டனர் என்பவர் வீடு வீடாகப் போய் 1,500 டாலர் திரட்டித் தந்துதான் இந்தக் கட்டடம் எழுந்தது. 'இந்தக் கட்டடத்தை முதலில் முன்னெடுத்தவர்' என்று அவர் பெயர் அங்கே பொறித்திருக்கிறது.